45 வயதில் வேலையை விட எவ்வளவு பணம் வேண்டும்?

“ரெண்டு கோடி சேர்ந்துட்டா போதும், அப்புறம் எந்த மேனேஜருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல.” தனியார் வேலையில் இருக்கும் முப்பது வயதுக்காரர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த ஆசையில் தப்பே இல்லை. 45-ஐத் தாண்டியவர்களின் நாற்காலி தனியார் நிறுவனங்களில் எப்படி ஆட்டம் காண்கிறது என்று பார்த்தால், இதை ஆசை என்பதைவிட அவசியம் என்றே சொல்வேன். நாம் வேலையை விடத் தயாராகும் முன்பே வேலை நம்மை விட்டுவிடலாம். அதற்காகவாவது கணக்கைச் சரியாகப் போட வேண்டும்.

அந்தக் கணக்கைச் சம்பளத்தில் தொடங்காதீர்கள், வீட்டுச் செலவில் தொடங்குங்கள்.

கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஜிபே, ஃபோன்பே பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். மளிகை, பால், கரண்ட் பில், பள்ளிக் கட்டணம் எல்லாம் தானாக வந்துவிடும். விடுபட்டுப்போவது எப்போதாவது தலைகாட்டும் செலவுகள்தான். தீபாவளித் துணி, கல்யாண மொய், குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய்வந்தது, அம்மாவின் கண்புரை ஆபரேஷன், பழுதான ஏ.சி. அக்கா மகளுக்குச் சடங்கு என்றால் தாய்மாமன் சீர் செய்யாமல் இருக்க முடியுமா? தட்டு வரிசை, பட்டுப்புடவை, ஒரு பவுன் என்று இரண்டு மாதக் குடும்பச் செலவு ஒரே நாளில் போய்விடும். இதை ‘எதிர்பாராத செலவு’ என்று ஒதுக்காதீர்கள். அக்கா மகளின் வயது நமக்குத் தெரியும். பட்டியலில் அது இருந்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மாதம் 45,000 ரூபாயில் குடும்பம் ஓடுகிறது என்று நினைத்தவர்களுக்கு 60,000 வந்து நிற்கலாம். அப்படியென்றால் ஆண்டுக்கு 7.2 லட்சம். பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பும் கல்யாணமும் இதில் சேராது. அவற்றுக்குத் தனி நிதி வேண்டும்.

இனி, இந்த 7.2 லட்சத்தைப்போல எத்தனை மடங்கு சேர்க்க வேண்டும்? பலரும் சொல்வது 25 மடங்கு. பெருக்கினால் 1.8 கோடி. ‘ரெண்டு கோடி’ என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தப் பெருக்கல்தான் இருக்கிறது. இதன் வேர், அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் வெளியிட்ட ஆய்வு. சேமிப்பில் முதல் வருடம் 4% எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடத்துக்குப் பணம் தீராது என்று அவர் கண்டார். அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பங்குகள், கடன்பத்திரங்களின் வரலாறு. 60 வயதுக்கு மேல் ஓய்வுபெறும் அமெரிக்கருக்குப் பொருந்திய அந்த விதி, 45-ல் வேலையை விடும் நமக்கு அப்படியே பொருந்தாது. நம் பணம் 40 வருடத்துக்கு மேல் தாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே 4%, உச்ச வரம்பு 6%. பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரி பில்லும் அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை என்பது குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் தெரியும்.

என் கணிப்பில் குறைந்தது 35 மடங்கு வேண்டும். 7.2 லட்சத்துக்கு 2.52 கோடி. அதுவும் இன்றைய விலைவாசியில். 13 வருடம் கழித்து விடப்போகிறீர்கள் என்றால், 6% பணவீக்கத்தில் 60,000 ரூபாய்ச் செலவு 1.28 லட்சம் ஆகியிருக்கும். அப்போது தேவை ஏறக்குறைய 5.4 கோடி. குடியிருக்கும் வீட்டையும் பீரோவில் இருக்கும் நகையையும் இதில் சேர்க்காதீர்கள். அவை மாதாமாதம் பால்காரருக்குப் பணம் தராது.

இந்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். எத்தனை வருடத்தில் சேரும் என்பது, சம்பளத்தில் எத்தனை சதவிகிதம் மிச்சம் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பணவீக்கம் போக 4% வளர்ச்சி என்று வைத்துக்கொண்டு, பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கி 35 மடங்கை எட்ட, கைக்கு வரும் சம்பளத்தில் 30% சேமிப்பவருக்கு 37 வருடம் ஆகும். 50% சேமித்தால் 22 வருடம். 60% என்றால் 17 வருடம். 24 வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாதிச் சம்பளத்தைச் சேமிப்பவர் 46-ல் வெளியே வரலாம். 35 வயதில் 30% சேமிக்கத் தொடங்குபவருக்கு முன்கூட்டிய ஓய்வு கிடையாது. அவர் சேமிப்பை உயர்த்தியாக வேண்டும்.

டீக்கடைச் செலவைக் குறைத்து 50 சதவிகிதத்தை எட்ட முடியாது. செலவைச் சுருக்குவதற்கு ஓர் எல்லை உண்டு, வருமானத்தை உயர்த்துவதற்கு அந்த அளவு எல்லை இல்லை. அதனால் வேலையின் முதல் பத்து வருடம் பொன்னானது. சந்தையில் தேவை உள்ள திறமையைக் கற்றுக்கொள்வது, சம்பளத்தைத் தயங்காமல் பேசி வாங்குவது, வளர இடமில்லாத நிறுவனத்திலிருந்து மாறுவது எல்லாம் அப்போதே நடக்க வேண்டும். ஒவ்வோர் இன்க்ரிமென்ட்டிலும் பாதியை அந்த மாதமே எஸ்.ஐ.பி-யில் கூட்டிவிடுங்கள். சம்பளம் உயர்ந்த கையோடு கார் இ.எம்.ஐ வந்து உட்கார்ந்தால் செலவு ஏறும், 35 மடங்கும் கூடவே ஏறும்.

முதல் படியாக ஒரு வருடச் செலவைச் சேர்த்துவிடுங்கள். ஓய்வுக்கு அது எந்த மூலைக்கும் போதாதுதான். ஆனாலும் அலுவலகத்தில் உங்கள் நிலை அன்றே மாறிவிடும். நியாயமில்லாத டெட்லைனை மறுக்கலாம், கேவலமாகப் பேசும் மேலதிகாரியிடமிருந்து விலகி வேறு வேலை தேடலாம். லே-ஆஃப் என்று வந்தாலும், கிடைத்த முதல் வேலைக்குத் தலையாட்ட வேண்டிய நெருக்கடி இருக்காது. முழு ஓய்வை எட்டாதவர்களுக்கும் கைக்கு எட்டும் சுதந்திரம் இது. நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

சேமிப்பு எங்கே இருக்க வேண்டும்? நீண்டகாலப் பணத்துக்கு நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டும், நிலையான பகுதிக்கு பி.எஃப், பி.பி.எஃப்-பும் போதும். வேலையை விட்ட பிறகுதான் கவனம் கூடுதலாக வேண்டும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ், அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. மீண்டும் 21,000-ஐத் தொட 2010 நவம்பர் ஆனது. சம்பளத்திலிருந்து எஸ்.ஐ.பி கட்டியவருக்கு அந்த வீழ்ச்சி மலிவாக வாங்கும் வாய்ப்பு. அந்த ஜனவரியில் வேலையை விட்டவரோ வீட்டுச் செலவுக்காக மாதாமாதம் அடிமட்ட விலையில் விற்றிருப்பார். ஆகவே விலகும் நாளில் மூன்று வருடச் செலவு எஃப்.டி-யிலோ லிக்விட் ஃபண்டிலோ இருக்கட்டும்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. பலர் சறுக்குவது இங்கேதான். நிறுவனத்தின் குரூப் மெடிக்ளெய்ம் வேலையோடு முடிந்துவிடும். 45 வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்த பிறகு புது பாலிசி கேட்டால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்க விதி இடம்கொடுக்கிறது. 30 வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி-யும் இல்லை. அப்பா அம்மா ஆபீஸ் பாலிசியை மட்டுமே நம்பி இருந்தால், அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் ராஜினாமாக் கடிதம் எழுதவே கூடாது.

பென்ஷனைப் பெரிதாக நம்ப வேண்டாம். நிறுவனம் பி.எஃப்-புக்குச் செலுத்தும் பங்கில் ஒரு பகுதி இ.பி.எஸ் பென்ஷனுக்குப் போகிறது. 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பில் 15 வருடச் சர்வீஸுக்கு மாதம் சுமார் 3,200 ரூபாய்தான் வரும், அதுவும் 58 வயதில். 50-லிருந்தே வாங்கினால் முந்தும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4% குறையும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமோ பொதுவாக 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. நடுவில் இருக்கும் 15 வருடத்தை உங்கள் சொந்தச் சேமிப்புதான் தாங்க வேண்டும்.

விடுவதென்று முடிவாகிவிட்டால், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே ஆறு மாதம் ஓய்வுக்கால பட்ஜெட்டில் வாழ்ந்து பாருங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாழ வேண்டும். பட்ஜெட் நாலாவது மாதமே உடைந்தால் தொகையைத் திருத்துங்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் அடைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டு வேண்டுமென்றால் இப்போதே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், பே ஸ்லிப் இல்லாதவரை வங்கிகள் எளிதில் நம்புவதில்லை.

விலகும் தேதியையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஐந்து வருடம் முடித்தவருக்கு கிராஜுவிட்டி உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் சர்வீஸ் வருடங்களாலும் பெருக்க வேண்டும். 60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் 12 வருடத்துக்குச் சுமார் 4.15 லட்சம். போனஸ் ஏப்ரலிலோ மே மாதத்திலோ வருமென்றால் அதை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். வேறு சம்பளம் அதிகம் இல்லாத புது நிதியாண்டில் விழுவதால் அதற்கான வரியும் குறையும்.

நோட்டீஸ் காலத்திலேயே பி.எஃப் இணையதளத்துக்குள் போய்ப் பாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் யு.ஏ.என் பதிவோடு ஒத்துப்போகின்றனவா? பழைய நிறுவனங்களின் கணக்குகள் எல்லாம் ஒன்றாக மாறிவிட்டனவா? நாமினி யார்? கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரைப் போட்டவர்கள் அப்படியே விட்டிருப்பார்கள். தப்பு இருந்தால் ஹெச்.ஆர் மெயிலுக்குப் பதில் தரும் இந்த நாட்களிலேயே திருத்திக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு, ‘வெளியேறிய தேதி’ பதிவாகிவிட்டதா என்பதை மறக்காமல் சரிபாருங்கள்.