கொதிக்கக் கொதிக்க, இல்லையென்றால் ஆற ஆற

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சாதாரண நாளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தக் கணக்கை வைத்துக் காணும் பொங்கலுக்குச் சாப்பாடு கட்டினால் தொலைந்தீர்கள். அன்றைக்கு ரோடு முழுக்க வேனும் ஆட்டோவும் டூவீலரும்தான். வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அங்கிருந்து தூக்கும் அடுக்குமாக நடக்க வேண்டியதுதான். அடுப்பை விட்டு இறக்கியதிலிருந்து இலையில் விழுகிற வரைக்கும் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள்.

எங்கள் குடும்பத்தில் காணும் பொங்கலுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவது வழக்கம். சவுக்குத் தோப்பு நிழலில் பாயை விரித்து, எல்லாவற்றையும் நடுவில் வைத்துச் சாப்பிடுவோம். போன பொங்கலுக்கு என் பங்கு புளிசோறும் கோழிக் குழம்பும். பெரிய ஓரகத்தி மட்டன் குருமா. மாமியார் வடை, சின்ன நாத்தனார் பாயசம். நான் புளிசோறு என்றதும் “காணும் பொங்கல்ல போயி புளிசோறா?” என்று சிரித்தவர்கள் யார் யாரென்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் குருமாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். விடிவதற்கு முன்னே அடுப்பை விட்டு இறங்கிவிட்டது. நன்றாகத்தான் வெந்திருந்தது, மசாலாவிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓரகத்தி அக்கா அதைக் குண்டானோடு மேடையில் வைத்து ஆறவிட்டார். வெதுவெதுப்பாக ஆன பிறகு புது ஹாட்பாக்ஸில் ஊற்றினார், அதுவும் பாதி வரைக்கும்தான்.

“அக்கா, திரும்ப ஒரு கொதி விட்டு, கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க” என்றேன்.

“சூடா மூடினா வேர்த்து ஊசிப்போயிடும் கண்ணு. பிளாஸ்டிக் வேற, உருகிடும்” என்றார். மூத்தவர் சொல்லுக்கு மேல் நான் என்ன பேச? அந்த டப்பாவுக்கு உள்ளே எவர்சில்வர் என்பதைக்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

சூடாக மூடினால் ஊசிப்போகும் என்பது பொய் இல்லை. அது கட்டுச்சோற்றுக்கான பேச்சு. சோற்றை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறி, கை வைத்தால் சூடே தெரியாத பதத்தில்தான் புளிக்காய்ச்சலைப் பிசைய வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகி உள்ளேயே சொட்டும், ஈரம் ஏறும், கெடும். புளியின் புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து அந்தச் சோற்றைக் காக்கின்றன. காஞ்சிபுரத்துக் கோயில் இட்லியும் இந்த வகைதான். மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்தது, ஆறினாலும் தாங்கும். 2019 வரைக்கும் அவர்களும் நாங்களும் ஒரே மாவட்டம் என்பதால் அந்தப் பெருமையில் எங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

கறிக் குழம்புக்கு இந்தச் சட்டம் செல்லாது. அதைக் கொதிநிலையிலேயே அடைத்து, 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் கொண்டுபோக வேண்டும். 60-க்கும் 5-க்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அந்த இடைவெளியில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் தையும் மார்கழியும் போக மற்ற மாதமெல்லாம் அந்த ஒரு மணிக் கணக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறிக் குழம்பிலும் பெரிய அண்டாப் பிரியாணியிலும் வருவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா. அதன் விதைத்துகள் கொதியிலும் சாகாது. குழம்பு ஆறி 45 டிகிரி பக்கம் வந்ததும் விழித்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிற வேகத்தில் பெருகும். இப்போது அக்காவின் ஹாட்பாக்ஸை நினைத்துப் பாருங்கள். ஹாட்பாக்ஸ் எதையும் சூடாக்காது, கொடுத்த சூட்டை அப்படியே வைத்திருக்கும். வெதுவெதுப்பைக் கொடுத்தால் வெதுவெதுப்பைப் பாதுகாக்கும். அடைகாக்கிற கோழி மாதிரி அது குருமாவுக்கு உட்கார்ந்து வேலை செய்தது.

வழியில் திருக்கழுக்குன்றத்தில் வேறு நிறுத்தினார்கள். சங்கு தீர்த்தத்தைப் பார்த்தாக வேண்டுமாம். மலைக்கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைக்க, உச்சி வேளையில் இரண்டு கழுகு வந்து தின்றுவிட்டுப் போகும் கதையை மாமியார் வருஷா வருஷம் சொல்வார். கழுகு வருவது நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, கதை நிற்கவில்லை. அது முடிவதற்குள் ஓரகத்தி மகன் குருமா டப்பாவைத் திறந்து வாசனை பார்த்தான். திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

பாயில் உட்காரும்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. குருமாவை எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். அதில்தான் ஆபத்து. இந்தக் கிருமி நாறவும் செய்யாது, புளிக்கவும் செய்யாது, நுரைக்காது. மோந்து பார்த்து நல்லா இருக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டப்பாவை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்த நான் ஒரு கரண்டிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. என் மகளுக்கும் போடவில்லை. “ரொம்பத்தான் பிகு” என்று காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள்.

நடுராத்திரியில் ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர். ஓரகத்தி மகனுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டிவந்தது. மறுநாள் குடும்பமே கூடித் தீர்ப்புச் சொன்னது: கடற்கரையில் வாங்கித் தின்ற மீன் வறுவல்தான் காரணம்! அந்த மீன்காரம்மாவின் சார்பில் நான் இங்கே வாதாடிவிடுகிறேன். கண்ணெதிரே கொதிக்கிற எண்ணெயில் போட்டு, எடுத்து, ஐந்து நிமிடத்தில் வாயில் போட்டது அந்த மீன். நானும் மகளும் அதைத் தின்றோம், எங்களுக்கு ஒன்றும் இல்லை. மாமியார் மீனும் தொடவில்லை, கறியும் தொடவில்லை, அவருக்கும் ஒன்றும் இல்லை. படுத்தவர்கள் எல்லாரும் குருமா சாப்பிட்டவர்கள். இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டுமா?

என் கோழிக் குழம்புக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அடுப்பில் வைத்தேன். ஹாட்பாக்ஸில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, நீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கிற குழம்பைக் கழுத்து வரைக்கும் ஊற்றினேன். பாதி டப்பா சீக்கிரம் ஆறும், அதனால் குழம்புக்குத் தகுந்த சின்ன டப்பாவாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பழைய துண்டு இரண்டு சுற்று. அடியில் வைக்கோல் பிரிமணை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கும், தேடுங்கள். வேனின் தகரத் தரையில் பாத்திரம் நேராக உட்கார்ந்தால் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். பிரிமணையின் வைக்கோலுக்குள் அடைபட்ட காற்று அதைத் தடுக்கும். டப்பாவை என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் கை எட்டாத இடம் அது ஒன்றுதான். பாயில் உட்கார்ந்து திறந்தபோது ஆவி என் கண்ணாடியை மறைத்தது. அதற்குப் பிறகு குத்திப் பார்க்கிற சமையல் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கிவிட்டேன். ‘நான் சொன்னேன் பார்’ என்று வாய் திறக்காமலே சொல்ல அதைவிட நல்ல கருவி கிடையாது.

வெள்ளைச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி, வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் வாந்தி எடுக்கவைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கறிக் குழம்பிலாவது போன இடத்தில் அடுப்புக் கிடைத்து முழுக் கொதி விட்டால், பெருகியவை சாகும். மாசி மகத்துக்கு இந்தக் கடற்கரைக்கு வரும் இருளர் குடும்பங்களைப் பாருங்கள். புடவையைக் கட்டிக் குடில் போட்டு, கல்லைக் கூட்டி, கரையிலேயே பொங்கிச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு ஹாட்பாக்ஸ் கவலையே கிடையாது.

நம்மால் அது முடியாதென்றால், யார் எதைக் கொண்டுவருவது என்பதையாவது வீட்டுத் தூரம் பார்த்துப் பிரியுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் புளிசோறு, எலுமிச்சை சோறு, வடை, முறுக்கு. கறியும் பாயசமும் கடைசி அரைமணிக்குள் இருக்கிறவர்களுக்கு. சின்ன நாத்தனார் கல்பாக்கத்தில்தான் இருக்கிறாள். வரும் பொங்கலுக்கு மட்டன் அவள் வீட்டு அடுப்பில் ஏறட்டும் என்று மாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. பெரிய அக்காவுக்கு முறுக்கு.