வெள்ள நிவாரணத்துக்குக் கிளம்புமுன்...

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே 2015 சென்னையும், 2018 கஜா புயலும், ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய 2023 காயல்பட்டினமும் நினைவுக்கு வருகின்றன. உதவ நினைப்பவர்களுக்கு நம் ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் கொடுப்பது போய்ச் சேர வேண்டிய கைக்குச் சேர, கொஞ்சம் முன்யோசனை வேண்டும்.

1. வண்டியைக் கிளப்புமுன் போன் போடுங்கள். அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர் என யாராவது ஒருவரிடம் "இப்ப என்ன தேவை?" என்று கேட்டுவிட்டுப் பட்டியல் போடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. கஜா சமயத்தில் மெயின் ரோட்டோர ஊர்களிலேயே பல நிவாரண லாரிகள் காலியாகிவிட, உள்ளடங்கிய கிராமங்கள் காத்துக் கிடந்தன.

2. பழைய துணி கொடுப்பதில் கவனம் தேவை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் யாரும் எடுக்காத துணி சாலையோரம் குவியலாகக் கிடந்தது. கிழிசலையும் பட்டன் போன சட்டையையும் கொடுப்பது உதவியல்ல, அலமாரியைக் காலி செய்வது. துவைத்து, மடித்து, ஆண், பெண், குழந்தை எனப் பிரித்துக் கட்டி, மூட்டை மேல் மார்க்கரில் எழுதுங்கள். நைட்டி, லுங்கி, துண்டு, போர்வை உடனே பயன்படும். உள்ளாடை என்றால் புதிதுதான்.

3. அடுப்பே நனைந்து கிடக்கும் வீட்டில் அரிசி மூட்டை என்ன செய்யும்? முதல் சில நாட்களுக்கு பன், பிஸ்கெட், வாழைப்பழம், தண்ணீர். சமைத்துக் கொண்டுபோவதானால் புளியோதரை தாங்கும். சாம்பார் சாதமும் தேங்காய்ச் சட்னியும் வழியிலேயே ஊசிப்போகலாம். சமைத்த நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதிவிடுங்கள்.

4. நாப்கினைப் பெண்களே பெண்களிடம் கொடுக்கட்டும். அதோடு, பயன்படுத்தியதைச் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளும் குப்பைப் பையும் வையுங்கள்.

5. பால் பவுடரை எல்லாத் தாய்மார்களுக்கும் விநியோகிக்காதீர்கள். சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைத்த பாட்டிலும் இல்லாத இடத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வர அதுவே காரணமாகிவிடும். தாய்ப்பால் கொடுப்பவருக்கு வயிறார உணவும், மறைவாக உட்கார ஓர் இடமும் போதும்.

6. பொருளைவிடக் கைவேலை பெரிது. பக்கத்து வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால், சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட உதவுங்கள்; காய்ந்துவிட்டால் சிமென்ட்தான். முதலில் மெயினை அணையுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை ஃபிரிட்ஜ், மோட்டார் எதையும் போடக்கூடாது. காலில் வெட்டுக்காயம் உள்ளவர் சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாக எளிதில் உள்ளே வரும். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், வெள்ளத்தில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் வெளியே எறியாதீர்கள். நமக்குக் குப்பையாகத் தெரியும் நனைந்த நோட்டு, அந்த வீட்டு அம்மாவின் சீட்டுக் கணக்காக இருக்கும்.

7. சம்ப்பில் வெள்ளநீர் புகுந்திருந்தால் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் புது பிளீச்சிங் பவுடர். கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரமாவது விடுங்கள். குடிப்பதற்கு அப்போதும் காய்ச்சித்தான். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

8. நனைந்த பட்டா, மதிப்பெண் சான்றிதழ் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. வெயிலிலும் போடக் கூடாது. எழுத்து தெரியும்போதே செல்போனில் படம் எடுத்துவிட்டு, வெள்ளைத் துணி மேல் பரப்பி, நிழலில் காற்றாட விடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய கல்யாணப் போட்டோவை அப்படியே விடுவது நல்லது. தேறாத ஆவணங்களுக்கு நகல் வாங்க வேண்டிவரும். 2015-ல் சென்னையில் அதற்கென்றே சிறப்பு முகாம்கள் நடந்தன. முகாம் அறிவித்தால், படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க உங்களில் ஒருவர் உடன் செல்லுங்கள். அந்த அரை மணி நேரம் பத்துக் கிலோ அரிசிக்குச் சமம்.

9. உடைந்த கண்ணாடி, டியூப்லைட், ஊசி இவற்றைத் தனியாகக் கட்டி வெளியே வையுங்கள். அள்ளுபவர் கையில் கிளவுஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். தூய்மைப் பணியாளர்கள் பலர் வெளி மாவட்டத்திலிருந்து வந்திருப்பார்கள். சூடாக டீயும் கை கழுவ சோப்பும் கொடுங்கள்.

10. வாங்கும் கையைப் படம் எடுக்காதீர்கள். "ஏரி உடைஞ்சிடுச்சாம்" ஃபார்வர்டையும் அனுப்பாதீர்கள்.

11. போக முடியாதவர்கள் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அனுப்பலாம். பழைய வருமான வரி முறையில் இருந்தால் அதற்கு முழு விலக்கு உண்டு.

12. முதல் வாரக் கூட்டம் பத்தாம் நாள் இருக்காது. பழுதான தையல் மெஷினுக்கும் டிபன் கடை கிரைண்டருக்கும் அப்போதுதான் மெக்கானிக் கூலி தேவைப்படும். அரையாண்டுத் தேர்வும் டிசம்பரை ஒட்டித்தான் வரும். புத்தகம் பள்ளியில் கிடைத்தாலும் எழுதிவைத்த நோட்ஸ் போனது போனதுதான். அதே வகுப்பில் வெள்ளம் பாதிக்காத பிள்ளையின் நோட்டுகளை வாங்கி, நாலைந்து செட் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.