பழைய கணினிக்குப் புதுச் செயலி தேவையா?

கேள்வி: தமிழ்த் தட்டச்சும் இணைய விண்ணப்பங்களும் நடக்கும் கடையில், நான்காம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி ராமும் கொண்ட கணினி மிகவும் மெதுவாகிவிட்டது, இரண்டையும் மாற்றலாமா? – வாசகர், கயத்தாறு

பதில்: ராமைக் கூட்டலாம், செயலியை மாற்றுவது வீண்செலவு. கணக்கிடும் உறுப்பான செயலி தனக்குரிய சாக்கெட்டில் மட்டுமே பொருந்தும் என்பதால், உங்கள் கணினியிலுள்ள, 2013-இல் வந்த எல்ஜிஏ 1150 சாக்கெட்டில் ஏறத்தாழ அதே காலத்து ஐ5, ஐ7 செயலிகளையே பொருத்த இயலும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்த நிலையில், விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், அச்செலவு அந்தச் சிக்கலையும் தீர்க்காது.

ராம் என்பது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக ஏந்தும் நினைவகம். டாஸ்க் மேனேஜரில் அது நிரம்பியும் செயலி ஓய்ந்தும் காணப்பட்டால், 8 ஜிபியாக உயர்த்துவது பயன் தரும். டிடிஆர்4 அட்டையின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் இந்தக் கணினியில் பொருந்தாது; எனவே டிடிஆர்3 வகையையே கேட்டு வாங்க வேண்டும். ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆனால் கரிசல் ஊர்களில் முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்பதே முறை: செயலியின் விசிறிக்கு அடியிலுள்ள அலுமினியத் தகடுகளின் இடைவெளியைக் கோடைக்காற்றின் புழுதி கம்பளிபோல் அடைத்திருந்தால், வெப்பம் வெளியேறாமல் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசு நீக்கி, உலர்ந்த தெர்மல் பேஸ்டைப் புதுப்பித்த பின்னரே பணம் செலவிடலாம். விண்டோஸ் ஆதரவுச் சிக்கலுக்கு, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறலாம். கடையின் பிரிண்டரும் கைரேகைக் கருவியும் அதில் இயங்குமா என்று முன்கூட்டியே சோதிப்பது அவசியம்.