வேளாண் மண்டலச் சட்டம்: நம்புவதும் உள்ளதும்

காவிரிப் படுகையில் பத்து ஆண்டுப் போராட்டத்தின் பலனாக ஒரு சட்டம் வந்தது. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போடப்பட்டபோது தொடங்கிய எதிர்ப்பு அது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசினார். 2013 டிசம்பரில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே உயிர்நீத்தார். 2017-இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு எதிராக நெடுவாசல், கதிராமங்கலம் ஆகிய ஊர்கள் எழுந்து நின்றன. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

இன்று அந்தச் சட்டத்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. “இனி நமக்குக் கவலையில்லை” என்பது ஒன்று. “அதெல்லாம் வெறும் காகிதம்” என்பது மற்றொன்று. இரண்டுமே விவசாயிக்குத்தான் கேடு. எது உள்ளே, எது வெளியே என்று தெரிந்தால்தான் சட்டத்தைக் கையில் எடுத்துப் பேச முடியும்.

நம்பிக்கை: டெல்டா முழுவதும் பாதுகாக்கப்பட்ட மண்டலம்.

உண்மை: முழுவதும் அல்ல. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அன்று நாகப்பட்டினத்தோடு இருந்த மயிலாடுதுறை ஆகியவை முழுமையாக உள்ளே வருகின்றன. கடலூரில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் மட்டும் வருகின்றன. புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்தும் வருகின்றன. காவிரியும் கொள்ளிடமும் ஓடும் திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களுக்குப் பட்டியலில் இடமில்லை. மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு அதன் பெயரையும் சேர்க்க 2023-இல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டத்தில் ஒரு பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை அந்தத் திருத்தமே சொல்லும்.

நம்பிக்கை: சட்டம் வந்துவிட்டதால் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் எல்லாம் மூடப்படும்.

உண்மை: புதியவற்றுக்குத்தான் தடை. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு போன்றவற்றைத் தேடுவதும் துளையிடுவதும் எடுப்பதும் தடைப் பட்டியலில் உள்ளன. துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. பல ஆண்டுகளாக இயங்கும் கிணறுகள் இந்தச் சட்டத்தால் மூடப்படமாட்டா. துறைமுகம், சாலை, குழாய்ப்பாதை, மின்சாரம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. வயலின் நடுவே குழாய் பதிக்க வந்தால், இந்தச் சட்டத்தை மட்டும் காட்டி நிறுத்திவிட முடியும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: மண்டலத்துக்குள் நன்செய் நிலத்தை இனி வீட்டுமனை ஆக்க முடியாது.

உண்மை: மிகவும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். இந்தச் சட்டம் தடுப்பது பட்டியலிட்ட தொழில்களை. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கட்டுப்படுத்துபவை நகர் ஊரமைப்புச் சட்டமும், நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்காக 2017-இல் வந்த விதிகளும்தான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகே அந்த விதிகள் வந்தன. உருக்காலை வந்தால் ஊர் திரண்டு கேட்கும். மனைக்கற்கள் ஒவ்வொரு வயலாக நடப்படும்போது கேட்பார் இல்லை. ஒரு வாய்க்காலின் தலைப்பில் நான்கு வயல் மேடாக்கப்பட்டால், கடைமடையில் இருப்பவருக்குத் தண்ணீர் வருவதும் வடிவதும் சேர்ந்தே கெடும். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று கேட்டறிந்து, மறுப்பை எழுத்தில் கொடுப்பதே ஊருக்குக் காவல்.

நம்பிக்கை: டெல்லி முடிவெடுத்துவிட்டால் மாநிலச் சட்டம் செல்லாக்காசு.

உண்மை: எண்ணெய் வயல்களும் பெரிய கனிமங்களும் ஒன்றிய அதிகாரத்தில் வருகின்றன என்பது சரிதான். ஆனால் வேளாண்மையும் நிலமும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளன. 2023-இல் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் தஞ்சாவூரின் வடசேரி, கடலூரின் சேத்தியாத்தோப்பு கிழக்கு, அரியலூரின் மைக்கேல்பட்டி ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இடம்பெற்றன. மாநில அரசு வேளாண் மண்டலச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதியது. சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரல் 8-ஆம் தேதி மூன்று பகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. காகிதம் மட்டும் அதைச் செய்யவில்லை, உண்மை. ஆனால் அந்தக் காகிதம் இல்லாதிருந்தால் கோரிக்கை வெறும் வேண்டுகோளாக நின்றிருக்கும்.

நம்பிக்கை: நெல் விலை ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது, மாநிலம் செய்ய ஒன்றுமில்லை.

உண்மை: குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிப்பது ஒன்றிய அரசு. அதன்மேல் ஊக்கத்தொகை சேர்ப்பது மாநில அரசு. 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்குப் பொது ரகத்தின் ஆதரவு விலை 2,369 ரூபாய். மாநிலம் 131 ரூபாய் சேர்த்ததால் விவசாயிக்கு 2,500 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயோடு 156 சேர்ந்து 2,545 ரூபாய். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்துவதும் மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம்தான். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் தளர்வு கேட்டு ஒன்றிய அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது மெய். ஆனால் நிலையத்தை நேரத்தில் திறப்பதும், சாக்குக்கும் லாரிக்கும் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வதும், கொட்டிய நெல்லுக்குக் கூரை அமைப்பதும் மாநிலத்தின் வேலை. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் சந்திக்கும் என்பது யாருக்கும் புதுச் செய்தி அல்ல.

நம்பிக்கை: மண்டலம் அறிவித்தாயிற்று, விவசாயம் பிழைத்துவிட்டது.

உண்மை: நிலத்தைக் காப்பது வேறு, நிலத்தில் உழைப்பவரைக் காப்பது வேறு. நச்சு ஆலை வராத வயலிலும் நட்டம் வரலாம். மூட்டை மூட்டையாக நெல் சாலையோரத்தில் நனைந்து முளைவிட்டால், அந்த வயலை விற்றுவிடத்தான் பிள்ளைகள் சொல்வார்கள். அப்போது மனைக்காரர் வீடு தேடி வருவார். அவரைத் தடுக்க இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. கட்டுப்படியாகும் விலையும் காலத்தில் கொள்முதலும்தான் தடுக்கும்.

ஆகவே இன்று கேட்க வேண்டியவை தெளிவானவை. விடுபட்ட மூன்று மாவட்டங்களின் காவிரிப் பாசன ஒன்றியங்களை மண்டலத்தில் சேர்க்க வேண்டும். பழைய கிணறுகளை மூடக் காலக்கெடு விதிக்க வேண்டும். நன்செய் நிலம் மனையாவதையும் தடைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் கூரையும் உலர்களமும் வேண்டும். கிராமசபையில் இந்த நான்கையும் தீர்மானமாக்கிப் பதிவு செய்யலாம். சட்டத்தைப் பெற்றுத் தந்தது ஊர்களின் குரல். அதில் உள்ள ஓட்டைகளை அடைக்கவும் அந்தக் குரலே வேண்டும்.