பசும்பாலும் மருந்துக்கு அடங்காக் கிருமிகளும்

குழந்தைக்கும் நோயாளிக்கும் முதியோருக்கும் ஒருங்கே ஏற்ற உணவு பால் என்பதை யாவரும் அறிவர். மனிதனுக்கு ஏற்ற அவ்வுணவு கிருமிகளுக்கும் ஏற்றதாயிருத்தல் இயற்கையே. கறந்த பாலில் நீரும் சர்க்கரையும் புரதமும் இளஞ்சூடும் கூடியிருத்தலால், அதனுள் வீழ்ந்த பாக்டீரியாக்கள் விரைந்து பெருகுகின்றன. இவற்றுட் சில, ஆண்டிபயாடிக் என வழங்கும் கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு அடங்காதனவாய் மாறியிருத்தல் இக்காலத்துப் பெரிய இடராகும். அவ்விடரின் காரணத்தையும் அதற்குரிய காப்பையும் நம் மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

நாம் நன்கறிந்த காலடிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டை என்னும் பெயரே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று இவ்வூருக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஆயினும், பசுவும் எருமையும் வளர்த்துப் பால் விற்றுப் பிழைக்கும் எளிய குடும்பங்கள் வடசென்னையில் இன்னும் உள. ஆகவே, பதப்படுத்திப் பையில் அடைத்த பாலோடு, கறந்தபடியே வரும் பாலும் இப்பகுதி மக்களின் வீடுகளை அடைகின்றது.

கறந்த பாலுக்குள் கிருமிகள் எங்ஙனம் புகுகின்றன? சாணமும் சேறும் படிந்த மடி, கழுவாத கை, தூய்மையற்ற பாத்திரம், அசுத்தமான நீர் ஆகியன முதல் வழி. பசுவுக்கு வரும் மடிநோய் இரண்டாம் வழி. மடிநோய் கண்ட பசுவின் மடி வீங்கிச் சிவக்கும். பால் திரிந்து, சில வேளை இரத்தமும் கலந்து வரும். ஸ்டபிலோகாக்கஸ் முதலிய கிருமிகளால் வரும் இந்நோய்க்குக் கிருமிக்கொல்லி மருந்தைக் காம்பு வழியாகச் செலுத்துவது வழக்கம். செலுத்திய மருந்து சில நாள் வரை பாலிலும் கலந்து வரும். அந்நாட்களில் கறந்த பாலை விற்றலாகாது என்பது விதி. ஒன்றிரண்டு பசுக்களையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கோ அந்தப் பாலைக் கொட்டுவது அன்றைய கூலியைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். இடர் பிறக்குமிடம் இதுவே.

மருந்தே கிருமிக்கு வலிமையைத் தருகின்றது என்று சிலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்தைத் தாங்கும் இயல்புடையன சில இருக்கலாம். மருந்து ஏனையவற்றைக் கொல்ல, எஞ்சிய அச்சிலவே பெருகி அவ்விடத்தை நிரப்பிக்கொள்ளும். 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அது பொதுமக்களுக்குக் கிடைக்கும் முன்னரே, 1940-இல், அதனைச் சிதைக்கும் என்சைம் ஒன்று பாக்டீரியாவிடம் உண்டென்று ஆபிரகாம், செயின் என்னும் இருவர் கண்டனர். குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று பிளெமிங்கும் 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோது எச்சரித்தார்.

இவ்வியல்பு ஓர் இனத்தோடு நில்லாது. பிளாஸ்மிட் என்னும் சிறு மரபுத்துணுக்கு வாயிலாக ஓரினக் கிருமியிடமிருந்து வேற்றினக் கிருமிக்கும் அது செல்லும். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சான்று. மருத்துவர் இறுதியாக நம்பியிருக்கும் கார்பபெனம் மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 என்னும் மரபணுவை உடைய கிருமிகள் சென்னையிலிருந்து மட்டும் 44 கிடைத்தன. அவை பாலிற் கண்டவை அல்ல, நோயாளரிடம் கண்டவை. எனினும் மாட்டுக் கொட்டில், சாக்கடை, மருத்துவமனை ஆகியவற்றின் கிருமிகள் தம்முள் இவ்வியல்பைக் கைமாற்றிக்கொள்ள வல்லன என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, பாலைப் பற்றிய ஆய்வுகளைக் காண்போம். இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் 77-இல் கிருமிக்கொல்லி மருந்தின் எச்சம் அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்று என்னும் இவ்வளவு சிறிதாயினும், பால் நாள்தோறும் பருகும் உணவாதலின் இதனைப் புறக்கணித்தல் தகாது. அமெரிக்காவில் 2020-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வோ வேறோர் உண்மையைக் காட்டிற்று. காய்ச்சாத பாலைக் குளிரூட்டாமல் வெளியில் வைத்தால், மருந்துக்கு அடங்காமைக்குரிய மரபணுக்கள் அதில் மிகுதியாகப் பெருகின.

காய்ச்சிப் பருகினால் இவ்விடர் தீருமன்றோ எனின், பாதி தீரும். 72 பாகை சென்டிகிரேடில் 15 விநாடி வைத்துப் பதப்படுத்தினாலே நோய்க்கிருமிகள் மடியும். பொங்கக் காய்ச்சினால் ஐயமேயில்லை. மருந்தை எதிர்க்கும் கிருமி, அக்காரணத்தால் வெப்பத்தையும் எதிர்ப்பதில்லை. ஆதலின் பச்சைப்பாலே வலிமை தரும் என்னும் புதிய கொள்கையை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் பாலிற் கலந்த மருந்தின் எச்சம் காய்ச்சுவதால் முற்றும் அழிவதில்லை; கறப்பவர் கையிலும் கொட்டிலிலும் உள்ள கிருமிகளை நம் அடுப்பு எட்டுவதுமில்லை.

ஆகவே மெய்யான காப்பு கொட்டிலில் தொடங்க வேண்டும். கறக்குமுன் மடியையும் கையையும் கழுவித் துடைத்தல், கறந்தபின் காம்பைக் கிருமிநாசினியில் நனைத்தல், கால்நடை மருத்துவரைக் கேளாது மருந்து வாங்காமை, தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தாமை, விலக்கிய நாட்களின் பாலை விற்காமை என்னும் ஐந்தும் இன்றியமையாதன. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து மடியிற் பூசும் முறையையும் கால்நடை அறிஞர்கள் மடிநோய்க்குப் பரிந்துரைக்கின்றனர். கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தருவதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது.

விதியை அறிவித்தல் மட்டும் போதாது. நோயுற்ற பசுவின் பாலைக் கொட்டும் எளியவருக்கு அவ்விழப்பை ஈடுசெய்யும் ஏற்பாட்டைக் கூட்டுறவுச் சங்கங்களும் அரசும் செய்தல் வேண்டும். மாதவரத்தில், காலடிப்பேட்டைக்குச் சிறிது தொலைவிலேயே, 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தலைமையிடம் கொண்டுள்ளது. அங்குள்ள அறிவு நம் தெருக்களின் கொட்டில்களை எட்டும்படி செய்தல் கற்றோர் கடன். நம் மாணவர் விடுமுறை நாட்களில் தத்தம் தெருவில் பசு வளர்ப்போரைக் கண்டு, அவர்தம் இடர்களை முதலிற் கேட்டு, பின்னர் இச்செய்திகளை எடுத்துரைப்பாராயின், நாளை ஒரு குழந்தையின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்து பயனற்றுப் போகாமற் காத்தவராவர்.