கல்லெழுத்தும் கடவுச்சீட்டும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் அமைந்த ஊர் திருமழபாடி. மூவர் தேவாரமும் பெற்ற வைத்தியநாதர் கோயிலும், பங்குனியில் நடைபெறும் நந்தி திருமணமும் இவ்வூருக்குப் பெருமை சேர்ப்பன. இக்கோயில் கல்வெட்டு ஒன்று வியப்பான செய்தியைத் தருகிறது. முதலாம் இராசராசன் காலத்தில் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிடப்பட்டது. பிரிக்கும் முன்பு, சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தனர். இராசேந்திரன் காலத்தில் அப்படியைப் பார்த்து அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. நிலக்கொடைக்கும் விளக்குக்கொடைக்கும் கல்லெழுத்தே சான்று. அது மறைந்தால் உரிமையும் மறைந்துவிடும் என்பதை அன்றைய அலுவலர்கள் அறிந்திருந்தனர்.

இடம்பெயரும் மனிதருக்கும் இதே கவலை உண்டு. சொந்த ஊரில் ஒருவரை 'இன்னார் மகன், இன்னார் மகள்' என்று ஊரே அறியும். அயல்நாட்டில் அவரை அறிமுகப்படுத்துவன தாள்களே. இவ்வூர் மாணவி ஒருவர் மேற்படிப்புக்காகச் செருமனி செல்ல விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் கடக்க வேண்டிய படிகளைக் காண்போம்.

நுழைவதும் தங்குவதும்

கடவுச்சீட்டு, விசா எனப்படும் நுழைவிசைவு, வதிவிட உரிமம் ஆகிய மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். கடவுச்சீட்டைத் தருவது தாய்நாடு. அது குடியுரிமைக்குச் சான்று. நுழைவிசைவைத் தருவது செல்லும் நாடு. அது வாயிலைத் திறக்கும். உள்ளே சென்றபின் இன்ன காரணத்துக்காக, இத்தனை காலம் வாழலாம் என்று உரைப்பது வதிவிட உரிமம்.

ஐரோப்பாவின் 29 நாடுகள் செங்கன் உடன்பாட்டில் இணைந்துள்ளன. இந்நாடுகளுக்குரிய குறுகியகால விசாவைக் கொண்டு, எந்த 180 நாள்களைக் கணக்கிட்டாலும் அவற்றுள் 90 நாள்களே தங்கலாம். சுற்றுலாவுக்கும் உறவினரைக் காண்பதற்கும் அது போதும். படிப்புக்கும் வேலைக்கும் அந்தந்த நாடு வழங்கும் நீண்டகாலத் தேசிய விசா வேண்டும். அதனை இந்தியாவில் இருக்கும்போதே பெற வேண்டும். 'முதலில் சுற்றுலா விசாவில் போய்விடலாம். அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லும் முகவரின் பேச்சை நம்பிப் பணத்தை இழந்தோர் பலர்.

பெயர் ஒன்று, எழுத்து வேறு

நம் மாணவி முதலில் திருச்சிராப்பள்ளி மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பார். அங்கேயே முதற்சிக்கல் எழும். தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்வதே நம் வழக்கம். கடவுச்சீட்டு விண்ணப்பமோ தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. விரித்து எழுதச் சொல்கிறது. தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதிய பெண்ணைச் செருமனியில் பேராசிரியர் முதல் அஞ்சல்காரர் வரை அனைவரும் அவர் தந்தையின் பெயராலேயே அழைப்பர்! அது பழகிவிடும். பழகாதது எழுத்து வேறுபாடுதான்.

திருமழபாடி என்னும் பெயரிலுள்ள ழகரத்தையே எடுத்துக்கொள்வோம். உரோமன் எழுத்தில் அதனை ஓரெழுத்தால் எழுதுவோரும் உண்டு. ஈரெழுத்தால் எழுதுவோரும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு முறையும் கடவுச்சீட்டில் வேறொரு முறையும் இடம்பெற்றால், தமிழறியாத அலுவலர் கண்ணுக்கு அவை இரண்டு ஊர்களாகத் தோன்றலாம். ஆள்பெயருக்கும் இது பொருந்தும். பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லும்போது ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடிய பிழை, மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிறகு பல மாத அலைச்சலாகிவிடும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு மற்றொரு பயனும் உண்டு. அத்தேர்ச்சி பெறாதோரின் கடவுச்சீட்டில் 'குடியகல்வுச் சோதனை தேவை' என்னும் குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலியவற்றுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் இசைவைப் பெற வேண்டும். ஐரோப்பிய நாடுகள் அப்பட்டியலில் இல்லை.

சான்றும் செலவும்

2022 நவம்பர் முதல், செருமனியில் படிக்க விரும்பும் இந்திய மாணவர் தம் கல்விச் சான்றுகளைத் தில்லியிலுள்ள செருமானியத் தூதரகத்தின் மதிப்பீட்டு மையத்தில் சரிபார்த்து, அதற்கான சான்றிதழைப் பெற வேண்டும். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. அதனை முடக்கக் கணக்கு ஒன்றில் செலுத்துவதே பெரும்பாலோர் வழக்கம். பணம் மாணவருடையதே என்றாலும் மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும். ஊரில் கடன் வாங்கிச் செல்வோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

விமானம் இறங்கியதும் வேலை முடிவதில்லை. வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீடு தந்தவர் ஒப்பமிட்ட தாள் அதற்குத் தேவை. பின்னர், விசாக் காலம் முடியும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் மின்னணு அட்டையாகக் கிடைக்கும். படிக்க வந்தவர் ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். வேலைக்கென உரிமம் பெற்றவர், அவ்வேலை இடையில் முடிந்துபோனால் இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அச்சத்தால் மறைப்போர் உரிமத்தையே இழக்க நேரலாம்.

முகவரும் சட்டமும்

வேலைக்கு ஆளனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி நடுவணரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றோர் பட்டியலை நடுவணரசின் இ-மைக்ரேட் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். முகவர் ஒருவரிடம் பெறத்தக்க சேவைக்கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவெண்ணையும் பற்றுச்சீட்டையும் கேட்டாலே அவர் தன்மை விளங்கிவிடும். 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இப்பணியைச் செய்து வருகிறது. கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை. அதனை வாங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

படிப்பை முடித்து, தகுதிக்கேற்ற வேலையும் ஊதியமும் பெறுபவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டை கிடைக்கும். அதனைப் பெற்றவர் 27 மாதப் பணிக்குப் பின் நிலையான வதிவிட உரிமம் கோரலாம். செருமானிய மொழியில் இடைநிலைத் தேர்ச்சி பெற்றிருந்தால் 21 மாதமே போதும். அம்மொழியை அரியலூரில் இருக்கும்போதே இணையவழியில் கற்கத் தொடங்கலாம். தேர்வைச் சென்னையிலுள்ள கோத்தே நிறுவனத்தில் எழுதலாம். தேர்வுக்குப் பெயர் பதியும்போதும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளையே எழுத வேண்டும்.