எட்டுப் படி ஒரு மரக்கால்

கேள்வி: வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ். ஆனால் டவுன்லோடு போடும்போது திரையில் 12ஐத் தாண்டுவதே இல்லை. மீதி எங்கே போகிறது?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: எங்கும் போகவில்லை. இணைப்பின் வேகம் பிட் கணக்கு. திரையில் ஓடுவது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. தமிழருக்கு இந்த வாய்ப்பாடு புதிதல்ல: எட்டுப் படி ஒரு மரக்கால். களத்தில் 100 படியாக அளந்த கம்பு வீட்டில் பன்னிரண்டரை மரக்கால் ஆனால், தானியம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதால் வேகத்துக்கு பிட்; கோப்பு பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால் அதன் அளவுக்கு பைட். ஆங்கிலத்தில் எழுதும்போது பிட்டுக்குச் சின்ன ‘பி’, பைட்டுக்குப் பெரிய ‘பி’. இந்த ஓர் எழுத்தில் எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

கல்யாண வீடியோ 4.5 ஜிபி என்றால் 4,500 எம்பி. அதை 12.5ஆல் வகுத்தால் 360 நொடி, அதாவது ஆறு நிமிடம். நடைமுறையில் சற்றுக் கூடும். தரவு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் முகவரியையும் சுமந்து வருவதால், சுமார் 5 விழுக்காடு அதற்கே போய்விடும்.

ஆயிரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வேகக் கணக்கில் கிலோ என்றால் 1,000. நினைவகக் கணக்கில் 1,024 என்றும் எண்ணினார்கள். 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024க்கு ‘கிபி’, அதன் வர்க்கத்துக்கு ‘மெபி’ என்று தனிப் பெயர் கொடுத்தது. அந்தக் கணக்கில் 12.5 மெகாபைட் என்பது 11.92 மெபிபைட்.

கேள்வி: ‘பை எயிட்’ என்பதன் சுருக்கம்தான் பைட் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருச்சுழி

பதில்: உண்மையில்லை. 1956இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஸ்ட்ரெட்ச் கணினியை வடிவமைக்கும்போது வெர்னர் புக்ஹோல்ஸ் சூட்டிய பெயர் அது. ‘கடி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எடுத்து, கைதவறி எழுதினால் ‘பிட்’ ஆகிவிடக் கூடாது என்று எழுத்தை மாற்றினார். எட்டு என்ற எண்ணுக்கு அதில் இடமே இல்லை. தொடக்கத்தில் ஒரு பைட்டில் ஒன்று முதல் ஆறு பிட்வரை இருந்தன. 1964இல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360 கணினி வரிசைதான் எட்டைப் பரவலாக்கியது. ‘பிட்’ அதற்கு மூத்தது: 1948இல் கிளாட் ஷானன் தம் கட்டுரையில் அதைப் பயன்படுத்தி, பெயர் ஜான் டூகி தந்தது என்று குறித்தார்.

மரக்காலின் கதையும் இதுதான்: பெயர் ஒன்று, அளவு பல. ஆழாக்கு இரட்டித்தால் உழக்கு, உழக்கு இரட்டித்தால் உரி, உரி இரட்டித்தால் படி. மூன்று இரட்டிப்பில் எட்டு ஆழாக்கு. ஏட்டுக் கணக்கு இவ்வளவு திருத்தமாக இருந்தும், மரக்கால் ஊருக்கு ஊர் மாறியது. இந்தக் குழப்பத்துக்கு மாற்றாக, பைட் பிறந்த அதே 1956இல்தான் இந்திய நாடாளுமன்றம் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது.

கேள்வி: ஊராட்சிக்கு ஒரு ஜிபிபிஎஸ் என்றால் எவ்வளவு?
– அதே வாசகர்

பதில்: தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே இந்த வேகம் தருவது டான்ஃபிநெட் நிறுவனத்தின் இலக்கு. 1,000 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் நொடிக்கு 125 மெகாபைட். நூறு வீடுகள் ஒரே நேரத்தில் சமமாகப் பகிர்ந்தால் வீட்டுக்கு 10 மெகாபிட், அதாவது 1.25 மெகாபைட்.

கேள்வி: நூல் நம்பரையும் இப்படி மாற்றலாமா?
– நெசவாளர், அருப்புக்கோட்டை

பதில்: மாற்றலாம். பருத்தி நூலில் ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டமோ, அதுவே நம்பர். 40ஆம் நம்பர் நூல் பவுண்டுக்கு 33,600 கெஜம் ஓடும். 1990களின் தொலைபேசி மோடம்களில் ஒரு ரகத்தின் வேகமும் நொடிக்கு 33,600 பிட். எட்டால் வகுத்தால் 4,200 பைட். நம்பர் ஏறினால் மோடம் விரைவாகும், நூல் மெலியும். அலகின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால், ஏறியது வேகமா மெலிவா என்றே தெரியாது.